மெர்சி கேட்டதும் நடந்ததும்

படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் சாலையில் இருக்கிறது மெர்சியின் மெஸ். அவளுக்குச் சொந்த ஊர் மணிமங்கலம். ஒரு போன் கம்பெனி லைனில் நின்று நின்று முழங்கால் போனபிறகு, வேலையை விட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். ஷிப்ட் முடிந்து வரும் தெற்கத்திப் பையன்களுக்குக் குழம்பு ஊற்றும்போதே, அம்மாவுக்குப் போன் பண்ணினாயா என்று விசாரிப்பாள். பண்ணாதவனுக்கு அப்பளம் கிடையாது.

அவள் கணவன் சாம்சன் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் படகுகளுக்கு வெல்டிங் செய்துகொண்டிருந்தான். எந்த நாடு என்று சொல்லமாட்டேன். சொன்னால் மெர்சியை விட்டுவிட்டு நாட்டைப் பிடித்துக்கொள்வீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா.

பட்டறை ஒரு விதவை அம்மாளுடையது. சாம்சனுக்கு டைபாய்டு வந்தபோது தன் வீட்டிலேயே படுக்கவைத்துக் கஞ்சி கொடுத்தவர். வீடியோ காலில் மெர்சியைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளுவதுபோல் விரலைக் காட்டுவார். அவருடைய ஒரே மகன் அரசாங்கத்தை எதிர்த்துக் கோஷம் போட்டான். பிடித்துக்கொண்டு போய்த் தூக்குத் தண்டனை விதித்துவிட்டார்கள். அங்கே அதற்குக் கோஷமே போதும்.

அப்போதுதான் வேறொரு நாட்டு விமானங்கள் வந்து குண்டு போட ஆரம்பித்தன. கொடுங்கோலாட்சியை ஒழிக்க வந்திருக்கிறோம் என்றார்கள். அடுத்தவன் நாட்டில் குண்டு போட இவன் யார் என்று மெஸ்ஸில் அன்றாடம் சாப்பிடுகிற நான் பொரிந்து தள்ளினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தெற்கத்திப் பையன் சுடலைக்கண்ணு விடவில்லை.

"சொந்த சனத்தயே தூக்குல போடுதவன உள்ளூர்க்காரன் எப்படிண்ணே தட்டிக் கேக்க முடியும்? வெளிய இருந்து ஒருத்தன் வந்தாத்தான உண்டு."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மெர்சி மோர்க் கிண்ணத்தில் ரசத்தை ஊற்றிவிட்டு, "நீங்க சொல்றதும் சரியா கீதுண்ணா, அவன் சொல்றதும் சரியா கீது. எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள்.

மறுநாள் அந்த அம்மாள் போனில் வந்து அழுதார். சாம்சன்தான் தமிழில் சொன்னான். "விமானம் நிக்கக் கூடாதுன்னு உன்ன ஜெபம் பண்ணச் சொல்றாங்க மெர்சி. கவர்மெண்ட் விழுந்தாத்தான் பையன் பொழைப்பானாம்."

"நீங்க இன்னா சொல்றீங்க?"

சாம்சன் போனை அந்த அம்மாள் பக்கமே திருப்பினான். அவன் தங்கியிருந்த தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே குண்டு விழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒவ்வொருவரும் எழுந்து தன் விண்ணப்பத்தைச் சொல்லவேண்டும், சபை முழுக்க அதற்காக ஜெபிக்கும். மெர்சி எழுந்து, "யுத்தத்துக்காக" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். யுத்தம் ஓயவேண்டும் என்று பாஸ்டர் ஜெபகுமாரே முடித்துவைத்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள்.

"அந்தம்மா புள்ளைய நானே பிடிச்சுக் குடுத்துட்ட மாதிரி கீதுண்ணா" என்றாள் என்னிடம். புருஷனுக்காகத்தானே நீ கேட்கமுடியும் என்றேன். சொன்னதும் எனக்கே அசிங்கமாக இருந்தது. அதற்காக, வேறு என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று இன்றுவரை தெரியவும் இல்லை.

சில நாளில் விமானங்கள் நின்றன. அரசாங்கம் விழவில்லை. எல்லை தாண்டி சாம்சன் ஊர் வந்து சேர்ந்தான். சபையில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். பிரியாணி உண்டு என்றதால் நானும் போனேன்.

கடைசி நாள் ஒரு குண்டு அந்த அம்மாளின் மகன் இருந்த சிறைச்சாலைமேலேயே விழுந்ததாம். சுவர் இடிந்ததில் கைதிகள் சிலர் தப்பி ஓடினார்கள், சிலர் உள்ளேயே செத்துப்போனார்கள். அந்தப் பையன் இதில் யாரோடு என்று யாருக்கும் தெரியவில்லை. இதையெல்லாம் சாம்சன் சபை வாசலில் நின்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளே பாஸ்டர் மெர்சியைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்.

"கர்த்தர் உன் ஜெபத்தைக் கேட்டாரு. சாட்சி சொல்லும்மா."

"அவரு நல்லபடியா வந்துட்டாரு. ஸ்தோத்திரம்" என்றாள் மெர்சி. எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். அவள் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"காலைல குண்டு நிக்கணும்னு கேட்டேங்கய்யா. சாயங்காலம் அந்த ஜெயிலு இடியணும்னு கேட்டேன். மாத்தி மாத்தி ரெண்டையும் கேட்டுகினே இருந்தேன். ரெண்டும் நடந்துடுச்சு. அந்தம்மா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போயி, பொணத்துமேல துணிய விலக்கிப் பாத்துகினு கீறாங்க. நான் இன்னான்னு சாட்சி சொல்றது?"

பாஸ்டர் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்காமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.