நீச்சல் தெரியாத மாலுமி

நான் கணக்கு வாத்தியார். வகுப்பில் பையன்கள் ஒளித்துப் படிக்கும் காமிக்ஸைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டிவிடுவேன். திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. எண்பத்தைந்தில் மாற்றல் வந்தபோது பீரோவைக் காலி செய்தேன். ஒரு காமிக்ஸில், நீச்சலே தெரியாத மாலுமிதான் நாயகன். இப்படியும் ஒரு வீரனா என்று நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டேன். உள்ளட்டையில் ‘சேகர், எட்டாம் வகுப்பு’ என்றிருந்தது.

சேகர் அப்போது சோழவந்தான் பஸ்ஸில் கண்டக்டர். மறுநாள் பஸ்ஸேறி அதை அவனிடம் நீட்டினேன். அட்டையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டான்.

“மாலுமி கடல்ல குதிச்ச எடத்துல புடுங்கிட்டீங்க சார். டவுன்ஹால் ரோட்டுப் புத்தகக் கடை பூராத் தேடியும் வேற காப்பி கெடைக்கல.”

“முடிவு இதுல இருக்கு. படி.”

கையில் வாங்கியவன், பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தான்.

“வேணாம் சார். நானா ஒரு முடிவு வச்சு எம் மகளுக்குச் சொல்லிட்டேன். பாதிக் கடல் போறதுக்குள்ள அவனே நீச்சல் பழகிருவான்.”

விசில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனான்.

புத்தகத்தில், அந்த வழியாக வரும் கப்பல் ஒன்று மாலுமியைத் தூக்கிக்கொள்ளும். இத்தனை வருடம் நான் பூட்டி வைத்திருந்தது அவ்வளவுதான்.