நான் வாங்கி வந்த வலி மாத்திரை

எங்கள் வீட்டில் யாராவது ஊசிக்குப் பயந்தால் வெகுகாலம் என் தாய்மாமாவைத்தான் வம்புக்கு இழுத்தோம். அம்மாவின் தம்பி அவர். பெருமாள்மலையில் கேரட் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். ஆள் பார்க்க அய்யனார் மாதிரி இருப்பார். அந்த உடம்புக்குள் இப்படியொரு பயமா என்று சொல்லிச் சிரிப்பதில் எங்களுக்கு அலுப்பே வந்ததில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பழனியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த அக்காவுக்குக் காய்ச்சல் கண்டு, ஐந்தாம் நாள் பல் ஈறில் ரத்தம் கசிந்தது. எங்கள் வீடு மலைச்சரிவில், பேரிக்காய்த் தோட்டத்துக்குள். ரோட்டுக்குப் போக ஒற்றையடிப் பாதைதான். மழையில் மாமாதான் அவளை முதுகில் சுமந்து ஏறினார். நடுவில் வழுக்கி, முழங்கால் பாறையில் மோதியது. அக்காவை மட்டும் அவர் விடவில்லை. ஜீப்புக்குக் காத்திருந்தபோது முழங்கால் பன்ரொட்டி போல வீங்கிவிட்டது. அப்பாவும் அம்மாவும் அக்காவைப் பார்ப்பார்களா, இதைப் பார்ப்பார்களா? ஓடிப்போய்ப் பெட்டிக்கடையில் வலி மாத்திரை வாங்கி வந்தது நான். மாமா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, டீயோடு அதை விழுங்கினார்.

மறுநாள் மதுரை ஆஸ்பத்திரியில், ரத்தம் உறைவதற்கு வேண்டிய தட்டணுக்கள் அக்காவுக்குக் குறைந்துகொண்டே போகின்றன, வெளியிலிருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். எங்கள் குடும்பத்தில் அவளுடைய ரத்த வகை மாமாவுக்கு மட்டும்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனவர் போன வேகத்தில் வெளியே வந்தார்.

“வலி மாத்திரை போட்டிருந்தா தட்டணு எடுக்க முடியாதாம் மச்சான்.”

“ஒத்த மாத்திரையில ரத்தம் கெட்டுப் போச்சாக்கும்? ஊசிக்குப் பயந்துட்டேன்னு சொல்லு மாப்ள,” என்றார் அப்பா.

மாமா என் பக்கம் திரும்பினார். “பாப்பா, நீதான வாங்கியாந்த? சொல்லு.”

அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி என் தலையில் விழும் என்று பயந்தேன். இல்லை என்று தலையாட்டினேன். மாமா நொண்டிக்கொண்டே போய், வாசலில் நின்ற ஆட்டோக்காரர்களைக் கும்பிட்டுக் கேட்டு, அதே ரத்த வகைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். அக்கா பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் அக்காவின் சடங்கில் தாய்மாமன் சீரை அப்பா ஓர் ஒன்றுவிட்ட மாமாவிடம் வாங்கினார். என் மாமா பட்டுச்சேலை வைத்த தட்டோடு வந்து, பந்தலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது திண்டுக்கல்லில் ஒரு ரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன். வலி மாத்திரை போட்டீர்களா என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்பது என் சோலி. சில வகை மாத்திரையில் ஒன்றே போதும், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். உடம்பு புதிதாகச் செய்து அனுப்பும்வரை சில நாள் அப்படித்தான். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது மாமா உயிரோடு இல்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சடங்கு அன்றைக்கு அவன் கொண்டுவந்த சேலை என்ன நிறம் என்று கேட்டார். அரக்கு நிறம் என்றேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உள்ளே மாத்திரை போட்டீர்களா என்று கேட்டபோது ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமாவின் மானம் தப்பியிருக்கும், அக்காவுக்கு உதவாத ரத்தம் ஏறியிருக்கும். அவர் சொல்லவில்லை. வெளியே நின்ற நான் சொன்னேன். இரண்டுக்கும் உள்ள தூரம் ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.