ஒரே மூச்சில் சொல்ல வேண்டியது

அன்று காலை கேரட் கழுவும் இடத்தில் நின்றிருந்தேன். கோயமுத்தூர்க் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி பிரின்ஸி போன் செய்தாள். "அம்மிச்சி, நம்ம ரெபெக்கா டீச்சர்..." என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் முதலில் டீச்சரைப் பற்றிக் கேட்கவில்லை. "பம்பு கையில இருக்குதா கண்ணு? மொதல்ல அதை எடு" என்றேன். அழுகைதான், இழுப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான், "டீச்சருக்கு என்னாச்சு?" என்று கேட்டேன். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம்.

மூச்சை முதலில் கவனி என்கிற புத்தியை எனக்குக் கொடுத்ததே அந்த டீச்சர்தான். பள்ளி நினைவு மலருக்கு எழுதுங்கள் என்று கேட்டார்கள். அவரிடம் ஓட்டம் பழகிய பிள்ளைகளும் பெற்றவர்களுமான நீங்கள் அவருடைய நல்ல குணத்தை எழுதுவீர்கள். எனக்கு எழுத வேண்டியது வேறு. ஐந்தாவதோடு நின்ற கை இது. எழுத்துப் பிழையைப் பேத்தி திருத்திவிடுவாள். நான் செய்த பிழையை அவளால் திருத்த முடியாது.

பிரின்ஸி ஆறாவது படிக்கும்போது, பனிக்காலத்தில் மைதானத்தில் ஓடி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் ஆஸ்துமா என்று சொல்லி, வாயில் வைத்து அழுத்தும் நீலப் பம்பு ஒன்று எழுதிக் கொடுத்தார். எங்கள் பக்கம் ஆஸ்துமாவை இழுப்பு என்போம். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வராது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். பள்ளிக்குப் போய், "இனி இவ ஓட வேண்டாங்க" என்றேன். ரெபெக்கா டீச்சர் விளையாட்டு டீச்சர்; ஒல்லியான உடம்பு, கழுத்தில் எப்போதும் விசில். "ஏனுங்கம்மா, கண்ணாடி போட்டிருக்குன்னு ஒரு புள்ளையப் படிக்க வேண்டாம்னு சொல்லுவீங்களா? அது மாதிரிதாங்க இந்தப் பம்பும்" என்றார். என்னையே மடக்கிவிட்டாரே என்று கோபம் வந்தது. அந்தக் கோபம் ரொம்ப நாள் இருந்தது.

அவர் அவளை ஓடவைத்த முறையே தனி. ஓட்டத்துக்குக் கால் மணி முன்னால் டாக்டர் சொன்னபடி பம்பு. பிறகு எடுத்தவுடன் ஓட்டம் கிடையாது. மைதானத்தைச் சுற்றி நடை, அப்புறம் மெல்லோட்டம். குளிர் காற்று நேராக நெஞ்சுக்குப் போகாமல் மூக்கையும் வாயையும் மூடி ஒரு கம்பளித் துண்டு. பக்கத்துத் தோட்டத்தில் சருகு எரித்தால் அன்றைக்கு ஓட்டமே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வாக்கியம். ஓடிக்கொண்டே அதை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்: "என் பேரு பிரின்ஸி, ஊரு எமரால்டு, எங்க அம்மிச்சி ஞானசௌந்தரி." முழுசாக வந்தால் ஓடலாம். ஊரில் அறுந்தால் நடக்க வேண்டும். பேரிலேயே அறுந்தால் உட்கார்ந்து பம்பை எடுக்க வேண்டும்.

"என் பேரை எதுக்குங்க டீச்சர் கடைசியில போட்டீங்க?" என்று கேட்டேன்.

"உங்க பேருதாங்கம்மா நீளம். அதைத் தாண்டுற மூச்சு எந்த மேட்டையும் தாண்டிரும்" என்று சிரித்தார்.

அதையும் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

ஒன்பதாவதில் அவளை ஊட்டியில் நடந்த ஓட்டப்பந்தயத்துக்கு எடுத்தார்கள். மாதா கோயில் பெண்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போக நானே ஏற்பாடு செய்தேன். முதல் நாள் என் தம்பி மனைவி, "என்னக்கா, புள்ளைக்கு இழுப்பாமே? பின்னால கல்யாணத்துக்கு எடம் பாக்கையில வாய்க்கு வந்தபடி பேசுவாங்க, பாத்துக்கோங்க" என்று குத்திவிட்டுப் போனாள். அன்றைக்கே பிரின்ஸியின் இடுப்புப் பையிலிருந்து பம்பை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்தேன். அந்த இடத்தில் நீலகிரித் தைல பாட்டிலை வைத்தேன். என் சளியை நாற்பது வருடம் பார்த்த தைலம். நம் மலையில் காய்ச்சியதைவிடவா அந்த நீல டப்பா பெரிசு என்று நினைத்தேன்.

ஓட்டத்துக்கு முன் பையைத் திறந்த பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதை மோந்துட்டு ஓடு, பேசாத" என்று முறைத்தேன். டீச்சர் வந்து, "மருந்து எடுத்தியா கண்ணு?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

இரண்டாவது சுற்றில் டீச்சர் ஓரத்திலிருந்து, "வாக்கியம்!" என்று கத்தினார். "என் பேரு பிரி..." அவ்வளவுதான் வந்தது. டீச்சர் மைதானத்துக்குள் பாய்ந்தார். பிள்ளையைக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடி உட்காரவைத்து, தன் பையில் வைத்திருந்த வேறு பம்பை வாயில் கொடுத்தார். ஒவ்வொரு அழுத்தாக, நிதானமாக. "பதறாத கண்ணு, நான் எண்ணுறேன்." மூச்சு திரும்பிய பிறகு இடுப்புப் பையைத் திறந்தார். தைல பாட்டிலைப் பார்த்தார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். பாட்டிலைத் தன் ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டார்.

தலைமையாசிரியையான கன்னியாஸ்திரி வந்து, "இவ மருந்துப் பையை யார் பாத்தது?" என்று கேட்டார்.

"நான்தாங்க சிஸ்டர். கேட்டதோட விட்டுட்டேன். தெறந்து பாக்கலைங்க."

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அதோடு போகவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஒருத்தி, "டீச்சர் இதையெல்லாம் பாக்க மாட்டாங்களா?" என்றாள். "ஆமா, என்னத்தைப் பாக்கறாங்க" என்றேன். மருந்தை ஒளித்ததைக்கூட அறியாமை என்று சொல்லலாம். இந்தப் பேச்சுக்கு என்ன பெயர் சொல்வது? அடுத்த வருடம் ஓட்டக்காரப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகும் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அது உங்களுக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது.

ஒரு வாரம் கழித்துக் கோயில் வாசலில் அந்த பாட்டிலை என் கையில் கொடுத்தார். "உங்க முட்டி வலிக்குத் தேச்சுக்குங்கம்மா, நல்லாக் கேக்கும். மூச்சுக்கு வேண்டாங்க. இந்த நெடியே சில புள்ளைகளுக்கு இழுப்பைக் கூட்டிரும்."

"ஏனுங்க டீச்சர், என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே?" என்றேன்.

"அந்தப் புள்ளை உங்க பேரைச் சொல்லித்தானுங்க ஓடுது. அதை நான் எப்படிங்க கெடுக்கிறது?"

அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதுவரை பிள்ளை வைத்திருந்தது டீச்சர் கொடுத்த பம்பு. வீட்டுக்குப் போய் அரிசி டின்னிலிருந்து பம்பை எடுத்துத் துடைத்து, பிள்ளையின் பையில் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

பிரின்ஸி இன்றும் ஓடுகிறாள். பம்பு எல்லோரும் பார்க்க இடுப்பில் தொங்குகிறது. டீச்சர் திருப்பிக் கொடுத்த பாட்டில் அன்றிலிருந்து திறக்காமல் என் செபமாலைப் பெட்டியில் இருக்கிறது. அவர் நினைவாக என்னிடம் இருப்பவை அந்த பாட்டிலும் அந்த வாக்கியமும்தான். கல்லறை மேட்டில் ஏறும்போது அதைச் சொல்லிப் பார்த்தேன். என் பெயர் வரும் முன்பே மூச்சு அறுந்தது. நின்று, நிதானித்து, அவர் தலைமாட்டுக்குப் போய், இத்தனை வருடம் அடக்கி வைத்ததை ஒரே மூச்சில் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்:

என் பேரு ஞானசௌந்தரி, ஊரு எமரால்டு, பம்பை எடுத்துட்டுத் தைலத்தை வெச்சது நான்தான். ரெபெக்கா டீச்சர் மேல ஒரு தப்பும் இல்லை.