கண்ணை மூடிப் பார்க்கும் டிவி

மலேசியாவின் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில், மின்னணுச் சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. கோலா கெத்தில் ஊரிலுள்ள வீட்டுக்குத் திரும்பும்போது கண்களில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். அப்படி வந்த ஒரு மாலையில், வரவேற்பறைச் சுவரை அடைத்துக்கொண்டு புது டிவி இருந்தது. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழக்குலை ஏற்றிப்போகும் லோரி ஓட்டும் என் கணவர் வெகுநாள் ஆசைப்பட்டு வாங்கியது.

“இங்க வந்து பாரு. புலியோட மீசை ஒவ்வொன்னா தெரியுது,” என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தத் தெளிவுதான் எனக்குத் தாங்கவில்லை. புலியை விட்டுவிட்டு அதன் மூக்கிலிருந்த கீறலையே என் கண் தேடிப் பிடித்தது.

“நாள் பூரா இதத்தானே பாத்துட்டு வரேன். முடியல லா,” என்று கண்களை மூடிக்கொண்டேன்.

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். பிறகு மெல்லச் சொல்ல ஆரம்பித்தார்.

“புலி தண்ணில இறங்கிருச்சு. குட்டி மட்டும் கரையிலயே நிக்குது. பயம் போல.”

“அப்புறம்?”

“அம்மா திரும்பிப் பாக்குது.”

அன்று முதல் எங்கள் வீட்டில் அவர் பார்க்கிறார், நான் கேட்கிறேன். சில நாள் திரையில் இல்லாததையும் சேர்த்துச் சொல்கிறார் என்று சந்தேகம். கண்ணைத் திறந்து சரிபார்க்க எனக்குத் தெம்பில்லை.