ஒற்றைக் கோடு

அந்தப் பள்ளியில் காலையில் வந்த பிள்ளைக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு சாய்ந்த கோடு போடுவோம். மத்தியானமும் இருந்தால் அதன்மேல் குறுக்காக இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி ஆனால் முழு நாள் வருகை. உத்திரமேரூரிலிருந்து மாகறல் போகும் பக்கம், ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில் நடந்த ஊர்ப் பொதுப்பள்ளி. ஆசிரியர்கள் இரண்டு பேர்தான், தலைமையாசிரியரும் நானும். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலையில் சேர்ந்தபோது பதிவேட்டில் எல்லாப் பிள்ளைக்கும் எல்லா நாளும் பெருக்கல் குறியாக இருந்தது. காய்ச்சல்கூட யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஊர்த் தெருக்களிலிருந்து வந்தவர்கள், நிலமுள்ள வீட்டார். மற்றவர்கள் காலனிப் பிள்ளைகள். காலனியில் இந்துக்களும் இருந்தார்கள், கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். காலனிப் பிள்ளைகள் காலையில் பள்ளிக்கு வராததற்குக் காரணம் இந்து வீட்டிலும் கிறிஸ்தவ வீட்டிலும் ஒன்றுதான்: வயல் வேலை. மத்தியானம் கால் சேற்றைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார்கள். மணி அடித்த பிறகு தலைமையாசிரியர் அவர்களுடைய காலைக் கோட்டையும் தானே போட்டு நாளை முடித்துவைப்பார்.

"வராத பிள்ளைக்கு வந்ததா எப்படி சார் போடறது?" என்று கேட்டேன்.

"வுடு தம்பி. அரை நாளாச்சும் வருதுங்களே, அதப் பாரு."

ஏரி நிரம்பிக் கடைவாய் வழிந்த நாள், முதல் மழை பெய்த நாள் என்று எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிவைக்கிறவன் நான். அந்தக் கோடு எனக்குப் பச்சைப் பொய்யாகத்தான் தெரிந்தது. ஆடி மாதத்திலிருந்து ஐந்தாம் வகுப்புப் பதிவேட்டை நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் மறுக்கவில்லை. அன்று முதல் காலனிப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே ஒற்றைக் கோடுகள் நிற்கத் தொடங்கின.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எனக்கு ஒன்று புலப்பட்டது. காலனிப் பிள்ளைகள் தமிழில் மற்றவர்களுக்குக் குறையவில்லை. கணக்கில் விழுந்தார்கள். கணக்கு நடப்பது காலையில். இதை யாரும் மறுக்க முடியாதபடி ஒரு பட்டியலாக எழுதினால் இன்ஸ்பெக்டர் கணக்கை மத்தியானத்துக்கு மாற்றச் சொல்லக்கூடும் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிக்குப் போய் வீடு வீடாக விசாரித்தேன். அங்கே ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் விதிவிலக்கு. அரை நாள் மட்டும் வந்தவள், அடுத்தவர் சிலேட்டைப் பார்த்தே காலைக் கணக்கைக் கற்றுக்கொண்டு வகுப்பில் முதலாவதாக வந்திருந்தாள். உத்திரமேரூர் உயர்நிலைப் பள்ளியில் ஆறாவது சேர வேண்டும் என்பதுதான் அவளுக்கு எந்நேரமும் பேச்சு. அவளுடைய அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் நோட்டைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு வாத்தியாரய்யா இதெல்லாம் எழுதிக்கினு போறீங்க?"

"உன் பொண்ணு நல்லதுக்குத்தாம்மா."

"அப்படின்னா எழுதிக்கோங்க. காலீல களை எடுக்கப் போவுது. பொய் இன்னாத்துக்கு?"

பெயர், தெரு, அப்பா செய்யும் வேலை, காலை வருகை, மத்தியான வருகை, மதிப்பெண், வராத காரணம் என்று கட்டம் கட்டி எழுதிக் கீழே கையெழுத்திட்டேன். தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார். "முத்து முத்தா எழுதிகீற தம்பி. நானும் கையெழுத்துப் போட்டு இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு அனுப்பறேன்" என்று மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

பங்குனியில் பள்ளிக் குழு கூடியது. குழுத் தலைவர் ஊரிலேயே அதிக நிலம் உள்ளவர். சொர்ணவாரிப் பட்டத்து நெல் நடவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரும் வந்திருந்தார்கள். தலைவர் மடியிலிருந்து எடுத்துப் பிரித்த காகிதம் என் பட்டியல். அடியில் என் கையெழுத்து மட்டும் இருந்தது.

அவர் காலை வருகைக் கட்டத்தை மட்டும் படித்தார். ஒவ்வொரு காலனிப் பிள்ளையாகப் படித்தார்.

"பள்ளிக்கூடத்துக்கே வராம ஆறாவதுக்குப் போவணும்னா எப்படி? ரூலு வுடாது. இத நான் சொல்லல, உங்க வாத்தியாரே கைப்பட எழுதிக் குடுத்துகீறாரு."

பின்னாலிருந்து ஒருவர், "வாத்தியாரே, கணக்கு சோக்காத்தான் போட்டுகீறே!" என்றார். ஊர்த் தெருக்காரர்கள் சிரித்தார்கள்.

நான் எழுந்து, "அந்தப் பொண்ணு மார்க்கையும் படிங்க" என்றேன்.

"மார்க்கு கெடக்கட்டும். காலீல வந்தாளா, வரலியா? அதச் சொல்லு."

தலைமையாசிரியரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் அம்மா என்னைத்தான் பார்த்தாள்.

"வரல" என்றேன்.

எல்லோரும் போன பிறகு தலைமையாசிரியரிடம், "இன்ஸ்பெக்டருக்கு அனுப்பறேன்னு சொன்னீங்களே" என்று கேட்டேன்.

"தலைவரு கேட்டாரு, குடுத்தேன். இன்னா பண்ணச் சொல்ற? ரிடையராவ எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்கீது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு பேச்சுக்குச் சொல்றேன், தப்பா நினைக்காத. நான் கோடு போட்டுக்கினு இருந்தவரைக்கும் இங்க ஒரு பிள்ளையும் நிக்கல தம்பி."

இத்தனை வருஷம் கழித்து அவர் செய்ததை எடைபோட்டால் கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் இன்றுவரை என்னிடம் மறுப்பு இல்லை. அவர் பொய் எழுதிப் பிள்ளைகளைத் தாண்டவிட்டார். நான் உண்மையை எழுதி, அதை அவரை நம்பிக் கொடுத்தேன்.

காலனிப் பிள்ளைகள் ஒருவர்கூட அந்த வருஷம் ஆறாவதுக்குப் போகவில்லை. ஆனி மாதம் பள்ளி திறந்ததும் அந்தப் பெண்ணை மறுபடி ஐந்தாவதிலாவது சேர்க்கலாம் என்று தேடிப் போனேன். தலைவருடைய கழனியில் மற்றப் பெண்களோடு களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று கூப்பிட்டேன். நிமிர்ந்தாள். அவளுடைய அம்மா குனிந்தபடியே இருந்தாள்.

"ஒரு வருஷம்தாம்மா. வந்து உட்காரு. அடுத்த வருஷம் எப்படியும் அனுப்பிடலாம்."

அவள் கோபப்படவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள்:

"அஞ்சாவதுல நான் படிக்காதது இன்னும் இன்னா சார் கீது?"

ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அவள் குனிந்து அடுத்த களையைப் பிடுங்கினாள்.