மஞ்சள் போட்டுக் கழுவிய காளான்

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை ஒரு குறையாக நான் என்றைக்கும் நினைத்ததில்லை, ஏனென்றால் அதுதான் எனக்குச் சோறு போட்டது. செங்கல்பட்டில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்தேன். நிலம் வாங்க வருகிறவர்கள் கொண்டுவரும் பழைய பத்திரங்கள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். நான்கு எல்லையும் ஒத்துப்போகிறதா, கையெழுத்து ஒரே ஆளுடையதா, செத்துப்போன மனிதர் செத்த பிறகும் கைநாட்டு வைத்திருக்கிறாரா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை. படூர் பக்கம் நிலம் நிற்காமல் கைமாறிக்கொண்டிருந்தது. ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்றவன் முகத்தில் பால் வடியும். நான் முகத்தைப் பார்க்கவே மாட்டேன், பத்திரத்தைத்தான் பார்ப்பேன்.

என் வீட்டுக்காரர் அந்தச் சிறுசேரிக் கட்டடங்களில் ஒன்றில் ஸ்டோர் கீப்பர். கம்பியும் சிமென்ட்டும் அவர் பொறுப்பு. தினமும் திருப்போரூர் வழியாகப் பஸ்ஸில் போய் வருவார். அதிகம் பேசாத ஆள், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பார். ஒரு நாள் வேலை இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டு, "இனி ஒண்ணுகூடத் தொடக் கூடாதும்மா" என்றார். அன்றைக்கே விட்டுவிட்டதாக இவர் சொன்னார். சொன்னதோடு சரி, அதற்குச் சாட்சி என்ன இருக்கிறது?

எனக்குப் பயம். அதை வெளியே காட்டத் தெரியவில்லை. அவர் குளிக்கப் போனால் சட்டையை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். சட்டையில் சிமென்ட் வாடையும் வேர்வையும் தவிர ஒன்றும் இருக்காது. அதுவே எனக்கு இன்னும் சந்தேகமாக இருக்கும். இவ்வளவு சுத்தமாக எப்படி இருக்கிறது என்று தோன்றும்.

விட்ட முதல் மாதம் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. சாயங்காலம் வந்ததும் கை சும்மா இருக்காது, வாய் சும்மா இருக்காது. கிராம்பை மென்றார், ஏலக்காயை மென்றார், ஒன்றும் ஒத்துவரவில்லை. என்னோடு வேலை பார்த்த டைப்பிஸ்ட் பெண்ணிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். மாமல்லபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அங்கே அவள் வாப்பாவுக்குத் துணிக்கடை, மாடியறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். மாசக்கணக்கில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா சிகரெட் நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு தம்ளர் புளித்த டீயைக் குடித்தே அந்தப் பழக்கத்தை விட்டாளாம்.

"ஊருக்குப் போவசொல்ல டீயைப் புளிக்க வெக்கிற காளானை எங்க வூட்லயே வுட்டுட்டுப் போய்ட்டாங்கக்கா. குட்டி போட்டுகினே கீது. ஒண்ணு எடுத்தாறேன்" என்றாள்.

அதற்குக் கொம்புச்சா என்று பெயர். கொண்டுவந்ததைப் பார்த்ததும் எனக்குக் குமட்டியது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில், கலங்கிய தண்ணீரில், கரையொதுங்கிய சொறி மீனைப்போல வழவழவென்று ஒரு வட்டத் தட்டு மிதந்தது. அவளே என் சமையலறையில் நின்று பால் இல்லாமல் டீ போட்டு, தாராளமாகச் சர்க்கரை கொட்டி, நன்றாக ஆறவைத்து, பாட்டிலில் இருந்த தண்ணீரோடு அந்தத் தட்டையும் கண்ணாடி ஜாடியில் போட்டு, வாயில் மல்துணியைக் கட்டிவிட்டுப் போனாள். வெள்ளைக்காரம்மா எழுதிவைத்த செய்முறையின் ஜெராக்ஸ் ஒன்றும் கொடுத்தாள்.

ஆறாம் நாள் வடிகட்டிக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார், பிறகு தம்ளரைக் காலி செய்தார். "இன்னா இது, கோலி சோடா மாரி மூக்குல ஏறுது" என்றார். மறுநாள் அவராகவே கேட்டு வாங்கிக் குடித்தார். சாயங்கால நேரத்து அந்தத் தவிப்பு குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த தடவை ஜாடி போட்டது நான். செய்முறையில் ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு முறையும் பழைய புளித்த தண்ணீரில் ஒரு தம்ளர் எடுத்து வைத்து, புது டீயில் ஊற்ற வேண்டுமாம். எனக்கு அது பிடிக்கவில்லை. யாரோ ஒரு அம்மாள் எங்கிருந்தோ கொண்டுவந்து, யார் யார் வீட்டிலோ ஊறி வந்த தண்ணீர். அதை மறுபடி மறுபடி ஊற்றினால் என்ன சுத்தம்? எழுதியவளுக்குச் சோம்பல் என்று முடிவு கட்டி அதைச் சாக்கடையில் கொட்டினேன். அந்தத் தட்டை மீன் கழுவுவதுபோலக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு இரண்டு தண்ணீரில் அலசினேன். வழவழப்பு போய் லேசாக மஞ்சள் பூத்து நின்றது. எனக்கு அப்போதுதான் மனசு ஆறியது.

அந்த ஜாடி புளிக்கவே இல்லை. ஆறு நாள் ஆனது, எட்டு நாள் ஆனது, வெறும் சர்க்கரைத் தண்ணீராகவே கிடந்தது. நான் விசாரணையைத் தொடங்கினேன். முதலில் டீத்தூள் மேல் சந்தேகம். கடைக்காரன் புளியங்கொட்டைத் தூள் கலந்திருப்பான் என்று வேறு கடையில் வாங்கினேன். பிறகு தண்ணீர் மேல். எங்களுக்கு முனிசிபாலிட்டித் தண்ணீர், அதில் மருந்து வாடை அடிக்கும். கேன் தண்ணீருக்கு மாறினேன். அடுத்து டைப்பிஸ்ட் பெண் மேலேயே சந்தேகம் வந்தது. நல்ல தாய்க் காளானைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு எனக்குச் சோனிக் குட்டியைத் தள்ளிவிட்டாளோ? ஒரு வாரம் அவளிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் என்னவோ எப்போதும்போல மத்தியானம் எனக்கு ஒரு வடை வாங்கி வைத்தாள்.

சமையலறையில் தாளிக்கிற ஆவி படுகிறதோ என்று ஜாடியைக் கூடத்துக்கு மாற்றி, ஜன்னல் ஓரம் அவர் பேப்பர் படிக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். தட்டை மறுபடி மஞ்சள் போட்டு அலசி, மூன்றாவது ஜாடி போட்டேன். நாலாம் நாள் பார்த்தால் மேலே சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சை. பழைய ரொட்டியில் பூக்குமே, அதே பூஞ்சை. அப்படியே குப்பையில் கொட்ட வேண்டியதுதான். நான் கொட்டவில்லை, ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கெட்டுப்போனால் என்ன காரணம் என்று கடைசியில் ஒரு பட்டியல் இருந்தது. ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன். டீ சூடாக இருந்ததா, இல்லை. இரும்பு, அலுமினியப் பாத்திரமா, இல்லை. மூடி போட்டு இறுக்கினாயா, இல்லை. சர்க்கரை குறைவா, இல்லை. பழைய தண்ணீர் ஊற்றினாயா என்ற வரியையும் அடித்துவிட்டேன், ஏனென்றால் ஊற்றாமல் விட்டது என் கணக்கில் தப்பே இல்லை, சுத்தம். மிச்சம் ஒரே ஒரு வரி. சிகரெட் புகை படும் இடத்தில் வைக்காதே, பூஞ்சை பிடிக்கும்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஜாடி இருந்த இடம் அவர் நாற்காலிப் பக்கம். நான் வேலை முடிந்து வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் அவர் வந்துவிடுகிறார். அந்த முக்கால் மணி நேரம் வீட்டில் வேறு யாரும் இல்லை. பத்திரத்தில் போலிக் கையெழுத்தைப் பிடித்ததுபோல இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும், ஜாடியை அவர் முன்னால் வைத்தேன். மல்துணியை எடுத்துப் பூஞ்சையைக் காட்டினேன். ஜெராக்ஸில் அந்த வரியைப் படித்து அர்த்தம் சொன்னேன்.

"வூட்டுக்குள்ளயே பிடிக்கிறீங்க" என்றேன்.

அவர் ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

"பின்ன இது எப்படி வந்தது?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் பிடிக்கல."

"நீங்க பொய் சொல்லலாம். இது பொய் சொல்லுமா?" என்று ஜாடியைத் தட்டினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், தாலியைச் சொன்னேன், முக்கால் மணி நேரத்தைச் சொன்னேன். நான் பேசப் பேச அவர் முகம் கல்லாகிக்கொண்டே போனது. குற்றவாளியின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு என்னோடு தேவைக்குத்தான் பேசினார், காபி வேண்டும், சாவி எங்கே என்ற அளவில்.

அடுத்த வாரம் டைப்பிஸ்ட் பெண் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க வீட்டுக்கு வந்தாள். கொல்லையில் அந்தத் தட்டு ஒரு கிண்ணத்தில் கிடப்பதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, மஞ்சளா கீது?"

"கழுவுற மஞ்சள்தான். சுத்தமா இருக்கட்டுமேன்னு ஒவ்வொரு தடவையும் உப்பும் மஞ்சளும் போட்டு அலசுவேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மீன் கொழம்பு வெக்கப் போறியாக்கா? மஞ்சா போட்டா பூச்சி சாவும்னுதானே காயத்துல வெக்கிறோம். இதுவும் பூச்சிதான், உயிரு. சரி, பழைய தண்ணி எங்க?"

"கொட்டிட்டேன்."

"மொத்தமாவா?" அவள் சிரிப்பு நின்றது. "உறை மோர் ஊத்தாம பால் தயிராவுமாக்கா? அந்தப் புளிப்பு இருந்தாத்தான் பூஞ்சை கிட்ட வராது. அது இல்லன்னா எந்த ஜாடியா இருந்தாலும் பூத்துப்பூடும்."

தினமும் ராத்திரி பாலுக்கு உறை ஊற்றிவிட்டுப் படுக்கிற எனக்கு இது தோன்றவில்லை. எதற்கும் நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று, "சிகரெட் புகையினாலயும் வரும்னு இதுல எழுதியிருக்கே" என்று ஜெராக்ஸைக் காட்டிக் கேட்டேன்.

"யார் பிடிக்கிறாங்க இங்க?" என்றாள் அவள்.

நான் ஜெராக்ஸை மடித்தேன்.

மறுநாள் அவள் தன் ஜாடியிலிருந்து புதுக் காளானும் ஒரு பாட்டில் நிறையப் பழைய தண்ணீரும் கொண்டுவந்தாள். இந்தத் தடவை எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே செய்தேன். ஜாடியை அதே ஜன்னல் ஓரத்தில், அதே நாற்காலிப் பக்கம் வைத்தேன். வேறு இடத்தில் வைக்கலாம்தான், ஆனால் எனக்குள் இருந்த அந்தப் பத்திரக்காரி கடைசியாக ஒரு தடவை சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாள். ஆறாம் நாள் மேலே புதிதாக வெள்ளையாக ஒரு ஆடை படிந்திருந்தது. ஒரு பொட்டுப் பூஞ்சை இல்லை. நுரை மூக்கில் ஏறியது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவருக்குத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். மஞ்சளையும், கொட்டிய தண்ணீரையும், எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என்மேலதான்" என்றேன். அந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் தம்ளரை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பாதி காலியாக இருந்தது.

"அந்த ஞாயித்துக்கெழமை வாங்கினேன்" என்றார். "அதுவரைக்கும் ஒண்ணுகூடத் தொடல."

"ஏன் அன்னிக்கே கோவிச்சுக்கிட்டுச் சண்டை போடல? எடுத்துச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. இல்லன்னு சொன்னேன்."

நான் அழுதேன், கையைப் பிடித்துக்கொண்டேன், மறுபடி விட்டுவிடும்படி கெஞ்சினேன். அவர் என் கையை விலக்கவில்லை. "வுடலாம். வுட்டாலும் நீ நம்பப் போறதில்ல" என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு, ஜாடியில் புகை படாதபடி வாசலுக்குப் போனார்.