கடைசி சீட்டு வால்வு

கள்ளக்குறிச்சி வெயிலில் ஹீட்டர் வைத்த வேனை வாங்கிய ஒரே ஆள் என் அப்பாவாகத்தான் இருப்பார். ஏதோ குளிர் ஊரில் ஓடிய பழைய வண்டி. கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி. என்ஜினைச் சுற்றி ஓடுகிற கூலன்ட் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கக் குழாய் வழியாக அங்கே வந்து, சூட்டைக் கக்கிவிட்டுத் திரும்பும். அதைத் திறந்து மூட ஒரு வால்வு. வண்டி வந்தபோதே அது ஒழுகிக்கொண்டிருந்தது.

தியாகதுருகத்து மெக்கானிக் அப்போதே சொன்னார். "நம்மூர்ல ஹீட்டரு எவனுக்குபா வேணும்? பைப்ப அடச்சி வுட்டுரு, சனி தொலயட்டும்."

அப்பா கேட்கவில்லை. கல்வராயன் மலை ஏறும்போதெல்லாம் வண்டி கொதித்து நின்றுவிடும். ஹீட்டரைத் திறந்துவிட்டால் என்ஜின் சூடு கொஞ்சம் பின்னால் போகும், வண்டி நிற்காமல் ஏறும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். ரேடியேட்டரைச் சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை. கம்பெனி வால்வு கிடைக்காது என்று சொல்லி, லாரி பார்ட்ஸ் கடையில் டூப்ளிகேட் பிளாஸ்டிக் வால்வு ஒன்றை வாங்கி மாட்டினார். டிரைவர் சீட்டிலிருந்து வரும் கேபிள் அதற்குப் பொருந்தவில்லை. கடைசி சீட்டில் உட்கார்ந்து, குனிந்து, கையால்தான் திருகவேண்டும்.

திருக ஓர் ஆள் வேண்டும். அம்மா இருந்தாள்.

வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மலையடியிலிருந்து தினம் போய்வரும் ஆசிரியர்கள் வேன் தேடிக்கொண்டிருந்தார்கள். முன்பு ஓட்டியவனின் வண்டி பாதி மலையில் நின்று நின்று அவர்களுக்கு வெறுத்துப்போயிருந்தது. ஒருநாள் நிற்காமல் ஏற்றிக் காட்டு, வேலை உனக்கு என்று தலைமை ஆசிரியர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். ஆறு மாதமாக எங்கள் வேனுக்கு ஓட்டம் இல்லை. இதுவும் போனால் வண்டியை விற்றுவிட்டு அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதாக இருந்தது.

எனக்கு ஏழு வயது. பள்ளிக்கு லீவு போட வைத்து என்னையும் ஏற்றினார்கள். மலையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோமாம். முன்னால் ஐந்து ஆசிரியர்கள், கடைசியில் அம்மாவும் நானும். "பாப்பா தூங்கிடுச்சா?" என்று அப்பா கேட்டால் வால்வைத் திறக்கவேண்டும் என்பது அவர்கள் இருவருக்கும் உள்ள ஏற்பாடு. என்னிடம் யாரும் சொல்லவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அப்பா கேட்டார்.

"நான் தூங்கலியே! முழிச்சிக்கினுதான் இருக்கேன்!" என்று கத்தினேன்.

அம்மா குனிந்து எதையோ திருகினாள். காலடியில் அடுப்பு மூட்டியதுபோல அனல் அடித்தது. முன்னால் இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்து மலைக்காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சில வளைவுகள் போனதும் பட்டென்று ஒரு சத்தம். சீட்டுக்கு அடியில் கூலன்ட் தண்ணீர் பச்சையாக, இனிப்பு வாசனையோடு கொப்பளித்தது. அம்மா மூடிப் பார்த்தாள், நிற்கவில்லை. பையிலிருந்த துண்டைச் சுருட்டி அதன்மேல் வைத்து மிதித்தாள். செருப்பு வழுக்கியது. உதறிவிட்டு வெறுங்காலால் மிதித்துக்கொண்டாள்.

"இன்னாமோ இனிப்பா வாசன வருதே?" என்று ஒரு டீச்சர் திரும்பினார்.

"டீச்சர், கீழ பச்சத் தண்ணி..." என்று நான் தொடங்கினேன். அம்மா என் மேல்கையில் கிள்ளினாள். சதை பிய்ந்து வருகிற கிள்ளு. அலறினேன்.

"மிட்டாய் வாசனைங்க டீச்சர். பாப்பா துன்னுக்கினு இருந்துச்சி. தீந்துபோச்சின்னு அழுவுது."

"பல்லு ரெண்டு வுழுந்தும் மிட்டாய் ஆச வுடலியா?" என்றார் தலைமை ஆசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். என்னிடம் மிட்டாயே இல்லை. அம்மா விரலையும் எடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இன்னும் இறுக்கினாள். மேலே போய்ச் சேரும்வரை அப்படியே.

வண்டி நிற்காமல் ஏறிவிட்டது. தலைமை ஆசிரியர் இறங்கி பானெட்டைத் தட்டினார். "பரவால்லபா, மூச்சே வாங்கல. திங்கக்கெழமயில இருந்து வந்துடு." அப்பா கும்பிட்டார். அவர்கள் உள்ளே போனதும் பின்பக்கம் வந்து குனிந்து பார்த்தார். வால்வைத்தான் பார்த்தார். "டூப்ளிகேட்டுன்னாலும் மலைய ஏத்திட்டுது பாரு" என்றார். குழாயை மடக்கிக் கம்பியால் கட்டத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை, கேபிள் பொருந்துகிற பித்தளை வால்வு ஒன்றை வாங்கி மாட்டினார். அதே கடையில்தான் கிடைத்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் ஓடை. அம்மா ஒற்றைக்காலில் குதித்துக் குதித்து அங்கே போனாள். பாண்டி ஆடுகிறாள் என்று நினைத்தேன். கல்லில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டாள். நான் வீம்பாக எட்டவே நின்றேன். வந்து சமாதானம் சொல்வாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. கடைசியில் நானே போய், சட்டைக் கையை ஏற்றி, கன்றிப்போன இடத்தைக் காட்டி, "பாரு" என்றேன்.

ஈரக் கையால் தடவிவிட்டாள்.

"எரியுதாடி?"

"எரியுது" என்று அழுதேன்.

தடவிக்கொண்டே இருந்தாள். காலை மட்டும் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. என்னை இப்படி அழவைத்துவிட்டு இவளுக்கு என்ன தண்ணீர் விளையாட்டு என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.